திருச்சிராப்பள்ளியின் வீட்டுப் பானங்கள்

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், சமயபுரம் வட்டாரத்தில் வெயில் தணிய வீடுகளில் கலந்து குடிக்கப்படும் பானகம், நீர்மோர், நீராகாரம், நன்னாரி சர்பத், எலுமிச்சைச் சாறு முதலியவை இக்கட்டுரையில் வீட்டுப் பானங்கள் எனப்படுகின்றன. இவற்றுள் சில சமயச் சடங்கோடும் சில அறச்செயலோடும் இணைந்தவை. வேறு சில நவாபு ஆட்சி, ஆங்கிலேயர் ஆட்சி ஆகியவற்றின் வழியே வந்து சேர்ந்தவை. கள், நெற்கள் போன்ற போதைப் பானங்களும் ஒரு காலத்தில் வீட்டிலேயே ஆக்கப்பட்டன. பின்னர் சட்டம் அவற்றை வீட்டிலிருந்து வெளியேற்றியது. ஆகவே இப்பானங்களின் வரலாறு சமையல் வரலாறாக மட்டும் அமையவில்லை. தண்ணீரை யார் கொடுத்தார்கள், யார் குடிக்க முடிந்தது, எது விலைப்பொருளானது என்பவையும் அதில் அடங்கும்.

வெயிலும் ஊரும்

திருச்சிராப்பள்ளி காவிரிக்கரை நகரமாக இருந்தாலும் கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் அமைந்தது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இங்கு வழக்கம். சித்திரை இறுதியில் தொடங்கும் அக்கினி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயில் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை நீடிக்கும். நகரின் பாறைக்குன்றுகளும், இன்று கே.கே. நகர் போன்ற தெற்குக் குடியிருப்புகளில் நெருங்கி நிற்கும் கான்கிரீட் வீடுகளும் பகல் வெப்பத்தை வாங்கி இரவிலும் உமிழ்கின்றன.

இவ்வெயிலோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி நகர வரலாற்றில் பதிவாகியுள்ளது. கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று இங்கு வழிபாட்டை முடித்துக்கொண்டு திரும்பினார். வெப்பம் தணியக் குளிர்நீர்த் தொட்டியில் இறங்கியவர் அதிலேயே இறந்தார். அவர் உடல் திருச்சிராப்பள்ளி தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

சங்க இலக்கியத்தில் கலவைப் பானம்

பல பானங்களைக் கலந்து ஒன்றாக்கும் வழக்கம் தமிழகத்தில் மிகப் பழமையானது. புறநானூற்றின் 24ஆம் பாடலில் மாங்குடி கிழார் கடற்கரைப் பெண்கள் குடித்த ஒரு பானத்தைக் குறிப்பிடுகிறார். பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, தென்னை இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து குடித்துவிட்டு அவர்கள் கடலில் பாய்ந்து நீராடினர். கடலைக் குறிக்கும் முந்நீர் என்ற சொல்லையே மூன்று நீர்கள் கலந்த இப்பானத்துக்கும் இட்டுப் புலவர் சொல் விளையாடுகிறார். தமிழில் பதிவான கலவைப் பானங்களுள் பொருள்களின் பட்டியலோடு கிடைக்கும் பழைய குறிப்பு இது. மூன்று பொருள்களும் இன்றும் திருச்சித் தெருக்களில் தனித்தனியே விற்கப்படுகின்றன.

உறையூர் முற்காலச் சோழரின் தலைநகர். சோழன் கரிகாலனைப் பட்டினப்பாலையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் ஆக்கிய நெற்கள்ளைப் பற்றி எழுதியுள்ளார். தோப்பி என்பது அதன் பெயர். வலைஞர் குடியிருப்பைச் சொல்லும் பகுதியில் அவர் ஒரு செய்முறையையே தருகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைவிட்ட நெல்லின் மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து வடித்தெடுப்பது அம்முறை. நெல்முளையில் உள்ள நொதிகள் அரிசி மாவைச் சர்க்கரையாக மாற்ற, காற்றில் உள்ள ஈசுட்டு அச்சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. வாற்கோதுமையை முளைகட்டிப் பீர் காய்ச்சும் முறையின் அடிப்படையும் இதுவே. யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் சொல்கிறது. அரசர்க்கு இறக்குமதியான மது, எளிய குடிகளுக்கு வீட்டில் ஆக்கிய கள் என்ற பிரிவு அன்றே இருந்தது.

தண்ணீர்ப் பந்தல்

வழிப்போக்கருக்குத் தண்ணீரும் மோரும் வழங்கும் பந்தல் தமிழகத்தின் பழைய அறநிறுவனங்களுள் ஒன்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் அப்பூதி அடிகள் வரலாறு இதையே மையமாகக் கொண்டது. திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் வாழ்ந்த அவர், தாம் நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அவ்வழியே வந்த திருநாவுக்கரசர் பந்தலில் தம் பெயர் இருப்பதைக் கண்டு விசாரித்தபோது இருவரின் சந்திப்பு நிகழ்ந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விடப்பட்ட செய்திகள் உள்ளன. தண்ணீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கும், ஊற்றிக் கொடுப்பவருக்கும், கலம் வனைந்து தருபவருக்கும் கூலி தேவைப்பட்டதால், அந்நில வருவாய் அதற்கு ஒதுக்கப்பட்டது.

காவிரி நீரைக் குடிநீராக்குவதும் வீட்டு வேலையாக இருந்தது. புதுவெள்ளம் வரும் ஆடி மாதத்தில் ஆற்றுநீர் செந்நிறமாகக் கலங்கியிருக்கும். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்து நீரை ஊற்றினால், அக்கொட்டையின் புரதமும் பசைப்பொருளும் மண்துகள்களை ஒன்றுசேர்த்து அடியில் படியச் செய்யும். தெளிந்த நீரை மண்பானையில் ஊற்றி வெட்டிவேர் இடுவர். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் நீர் குளிர்கிறது. ஆனால் தேற்றாங்கொட்டை கலங்கலைப் போக்குமே தவிர நோய்க்கிருமிகளை முழுதும் அழிக்காது. எனவே நீரைக் காய்ச்சுவதற்கு அது மாற்று ஆகாது.

பானகம்

பானகம் வெல்லத்தை நீரில் கரைத்துச் செய்யப்படும் பானம். பருகப்படுவது என்னும் பொருள்படும் வடசொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இராமநவமியன்று பானகமும் நீர்மோரும் ஊறவைத்த பாசிப்பருப்புக் கோசுமல்லியும் படைப்பது தமிழகமெங்கும் உள்ள வழக்கம். இராமநவமி பங்குனி அல்லது சித்திரையில் வருவதால் படையல் பொருள்கள் மூன்றும் கோடைக்கு ஏற்றவையாக அமைந்தன. கம்பராமாயணம் அரங்கேறிய இடமாக மரபு சொல்லும் மண்டபம் திருவரங்கம் கோயிலில் தாயார் சன்னிதி அருகே உள்ளது. இராமன் கதையோடு இத்தகைய பிணைப்புள்ள ஊரில் இராமநவமிப் பானகம் வீடுதோறும் கரைக்கப்படுவது இயல்பே. நரசிம்மருக்கும் பானகம் உகந்தது என்பர். ஆந்திரத்தின் மங்களகிரியில் மூலவரின் வாயிலேயே பானகம் ஊற்றி நிவேதிக்கப்படுகிறது.

செய்முறை எளியது. 1 லிட்டர் குளிர்ந்த நீரில் சுமார் 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மண்ணும் தூசும் இருக்கும் என்பதால் வடிகட்டுவதைத் தவிர்க்கக் கூடாது. பின்னர் அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், நான்கு ஏலக்காயின் பொடி, ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்ப்பர். துளசி இலை போடுவதும் உண்டு. பச்சைக் கற்பூரம் சேர்ப்பவர்கள் கடுகளவுக்கு மேல் சேர்ப்பதில்லை. பூசைக்கு ஏற்றும் கற்பூரம் உண்ணத் தகாதது. வெல்லத்தை நீரோடு கொதிக்கவைத்தால் பாகின் மணம் ஏறிப் பானகத்தின் புத்துணர்வு குறையும். புளி கரைத்து ஊற்றிச் செய்யும் முறையும் சில ஊர்களில் உள்ளது.

நீர்மோரும் நீராகாரமும்

காப்பி பரவுவதற்கு முன்பு தமிழர் வீடுகளின் காலைப் பானம் நீராகாரம். இரவு மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் அந்த நீரை உப்பும் மோரும் கலந்து குடித்தனர். இரவில் இலாக்டிக அமிலப் பாக்டீரியாக்கள் சோற்றைச் சற்றே புளிக்கவைப்பதால் அதற்குத் தனிச் சுவை வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நடுத்தர வர்க்க வீடுகளில் நுழைந்தபோது அதை எதிர்த்தும் ஆதரித்தும் பத்திரிகைகளில் எழுதப்பட்டது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூல் இம்மாற்றத்தை ஆராய்கிறது. வயலுக்குப் போகிறவரின் பானமாக நீராகாரம் ஒதுங்கியது. காப்பி விருந்தினருக்குக் கொடுக்கும் மதிப்புள்ள பானமாயிற்று.

நீர்மோர் அவ்வாறு ஒதுங்கவில்லை. ஒரு குவளைத் தயிரைக் கடைந்து வெண்ணெய் நீக்கி, மூன்று அல்லது நான்கு குவளை நீர் சேர்த்து, உப்பு, நசுக்கிய இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம் கலந்தால் நீர்மோர். சிலர் கடுகு தாளித்துக் கொட்டுவர். வியர்வையில் இழக்கும் நீரையும் உப்பையும் ஒருசேர ஈடுசெய்வது இதன் பயன்.

சமயபுரத்தின் பச்சைப் பட்டினி

வீட்டுப் பானங்கள் தெய்வத்தின் உணவாகவே ஆகும் இடம் சமயபுரம் மாரியம்மன் கோயில். பொதுவாகப் பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பர். இங்கோ பக்தர்களின் நலனுக்காக அம்மனே விரதம் இருப்பதாக ஐதிகம். மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதலுடன் தொடங்கும் இப்பச்சைப் பட்டினி விரதம் 28 நாள் நடைபெறும். அந்நாள்களில் அம்மனுக்குச் சமைத்த தளிகை இல்லை. நீர்மோர், பானகம், இளநீர், துள்ளு மாவு ஆகியவையே படைக்கப்படுகின்றன. அம்மை நோய் பரவும் கோடைத் தொடக்கத்தில் அடுப்பேறாத குளிர்ந்த உணவை மட்டும் அம்மன் ஏற்பதாக அமைந்துள்ள இவ்வழக்கு, நோயுற்றவருக்குக் குளிர்ச்சியான உணவு கொடுத்த வீட்டு மருத்துவ வழக்கத்தோடு ஒத்துப்போகிறது. சித்திரைத் தேரோட்டத்துக்குத் திருச்சியிலிருந்தும் சுற்றுவட்டத்திலிருந்தும் நடந்து செல்வோருக்காகச் சாலையோரத்தில் நீர்மோர்ப் பந்தல்கள் போடப்படுகின்றன. அப்பூதி அடிகளின் பந்தல் இவ்வாறு இன்றும் தொடர்கிறது.

சர்பத், நன்னாரி

குடித்தல் என்ற பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து பாரசீகம், உருது வழியே சர்பத் தமிழுக்கு வந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார். 1751-52இல் இக்கோட்டையைச் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் முற்றுகையிட்டனர். நத்தர்வலி தர்காவைச் சுற்றியும் பழைய முசுலிம் குடியிருப்புகள் உள்ளன. பூ, பழம், வேர் ஆகியவற்றின் சாற்றைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு, வேண்டும்போது நீரில் கலக்கும் முறை இத்தகைய சூழலில் உள்ளூர் வேரான நன்னாரியோடு சேர்ந்தது. மதுரையின் ஜிகர்தண்டாவிலும் பால், பாதாம் பிசின் ஆகியவற்றோடு நன்னாரிப் பாகு இடம்பெறுகிறது.

நன்னாரிப் பாகு செய்ய வேரைக் கழுவித் தட்டி, மணமற்ற நடுத்தண்டை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுக்க வேண்டும். 50 கிராம் தோலை 1 லிட்டர் கொதிநீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, 1 கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகு பதம் வரும்வரை காய்ச்சி, எலுமிச்சைச் சாறு சில துளி விட்டு இறக்குவர். கடையில் சில பாகுகளுக்கு நிறமும் செயற்கை மணமும் சேர்க்கப்படுவதால் வீட்டுப் பாகு அவற்றைவிட வெளிர்நிறமாக இருக்கும்.

பஞ்சு, சோடா, பனிக்கட்டி

ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் அறிந்துகொண்ட கலவைப் பானம் பஞ்ச் எனப்பட்டது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், மசாலா என்னும் ஐந்தும் சேர்வதால் ஐந்து என்னும் பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம். கிண்ணத்தில் கலந்து பலர் பகிர்ந்து குடித்த இப்பானமே பின்னாளில் ஒருவருக்கு ஒரு கோப்பையெனக் கலக்கும் காக்டெயிலுக்கு முன்னோடி. மது, சர்க்கரை, நீர், கசப்புச் சாறு சேர்ந்த கலவையே காக்டெயில் என்ற விளக்கம் 1806இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்தது. பானகத்தையும் பஞ்சையும் ஒப்பிட்டால், சாராயம் நீங்கலாக மற்ற நான்கும் பொதுவாக இருப்பதைக் காணலாம்.

வாயு ஏற்றிய நீரை 1767இல் ஜோசப் பிரீசுட்லி உருவாக்கினார். 1870களில் ஆங்கிலேயரான ஹைரம் காட் கழுத்தில் கண்ணாடிக் கோலி அடைக்கும் குப்பியைக் கண்டுபிடித்தார். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை இரப்பர் வளையத்தோடு இறுக்குவதால் தனி மூடி தேவையில்லை. உலோக மூடி வந்தபின் இங்கிலாந்தில் மறைந்த இக்குப்பி தமிழ்நாட்டில் கோலி சோடாவாக நிலைத்தது. சிறு முதலீட்டில் சந்துக்குள் நடத்தக்கூடிய தொழிலாகவும், குப்பியைத் திரும்பப் பயன்படுத்தும் முறையாகவும் இருந்ததே அதற்குக் காரணம். நன்னாரிப் பாகு, எலுமிச்சை, உப்பு ஆகியவற்றின் மேல் சோடாவை ஊற்றும்போது கிடைப்பது, பழைய சர்பத்தும் அயல்நாட்டுக் குப்பியும் சேர்ந்த திருச்சிக் கலவை.

பனிக்கட்டி முதலில் செல்வர்க்கே எட்டியது. அமெரிக்க வணிகர் பிரடெரிக் டியூடரின் கப்பல் 1833இல் கல்கத்தாவுக்கு ஏரிப் பனிக்கட்டியைக் கொண்டுவந்தது. சென்னைக் கடற்கரையிலும் அவருக்குக் கிடங்கு இருந்தது. அதுவே இன்றைய விவேகானந்தர் இல்லம். இயந்திரப் பனிக்கட்டி வந்த பின்னரே ஐஸ் போட்ட சர்பத் தெருவுக்கு வந்தது.

மதுவிலக்கும் வீடும்

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள், சாராயம் ஆகியவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. பெரும்பாணாற்றுப்படை சொன்ன வீட்டுக் கள் இதனால் குற்றச்செயலாயிற்று. அரசுக்கு வருவாய் தரும் கடைச்சரக்கே சட்டப்படியான மதுவானது. இதனாலேயே கள்ளுக்கடை மறியல் தேசிய இயக்கத்தின் ஆயுதங்களுள் ஒன்றானது. முதலமைச்சர் இராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் விரிவாயிற்று. 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்னும் டாஸ்மாக் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையையும் அதுவே மேற்கொண்டது. கள் 1987 முதல் தடையில் உள்ளது.

இத்தடையால் பனையேறிகளுக்கு எஞ்சியது பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாற்றின் காரத்தன்மை கூடி ஈசுட்டு வளராது, இனிப்பு நிலைக்கும். சுண்ணாம்பு இல்லையேல் சில மணி நேரத்தில் அதே சாறு கள்ளாகும். ஒரு தொழிலாளி சட்டத்தின் எப்பக்கம் நிற்கிறார் என்பதைச் சுண்ணாம்புப் பூச்சே முடிவுசெய்கிறது. வெளிநாட்டு வகை மதுவை அரசே விற்கும்போது கள்ளுக்கு மட்டும் தடை ஏன் என்ற கேள்வியை உழவர் அமைப்புகள் தொடர்ந்து எழுப்பிவருகின்றன.

வீட்டில் மது காய்ச்சுவது இன்றும் தண்டனைக்குரியது. அதன் ஆபத்தும் மெய்யானது. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலைச் சுவையாலோ மணத்தாலோ பிரித்தறிய முடியாது. உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது.

குவளையும் சாதியும்

பந்தலில் தண்ணீர் எல்லாருக்கும் உண்டு எனினும் எல்லாரும் ஒரே முறையில் அதைப் பெறவில்லை. தாழ்த்தப்பட்டோருக்குத் தூக்கி ஊற்றுவது, தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைப்பது ஆகிய வழக்கங்கள் நெடுங்காலம் நீடித்தன. திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய இரயில்வேயின் நிலையங்களில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி உணவிடங்கள் இருந்தன. சுயமரியாதை இயக்கத்தாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தபோதும் இரட்டைக் குவளை முறை பல ஊர்களில் மறைவாகத் தொடர்ந்தது. வாய் வைத்துக் குடிக்கும் கோலி சோடாக் குப்பி, ஒரே குப்பி பலர் கைக்கும் மாறும் பொருளாக இருந்ததையும் இப்பின்னணியில் கவனிக்கலாம்.

குப்பிப் பானங்களும் தண்ணீர்ச் சிக்கலும்

விருதுநகரில் 1916இல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனத்தின் பொவொண்டோ, தமிழகத்தின் சொந்தக் குளிர்பானமாக அறியப்படுகிறது. 1977இல் வெளியேறிய கோகோ கோலா 1993இல் திரும்பியதும் உள்ளூர் நிறுவனங்கள் பல நலிந்தன. சல்லிக்கட்டுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோகோ கோலா ஆகியவற்றை விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஆற்றுநீரை உறிஞ்சிக் குளிர்பானமாக விற்பதற்கான எதிர்ப்பே அதன் மையக் கருத்து. தாமிரபரணி நீரை இந்நிறுவனங்களுக்கு வழங்கலாகாது என்ற வழக்குகளை அடுத்த நாளே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. அறிவிப்பின் வேகம் சில மாதங்களில் தணிந்தாலும் பதநீர், இளநீர், கோலி சோடா, பொவொண்டோ ஆகியவற்றின் மீதான கவனம் நிலைத்தது.

மருத்துவ நோக்கு

சர்க்கரையும் உப்பும் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கும்போது சிறுகுடல் இரண்டையும் ஒருசேர உறிஞ்சி, கூடவே நீரையும் இழுத்துக்கொள்கிறது. உலக நலவாழ்வு அமைப்பின் உப்புச் சர்க்கரைக் கரைசலில் 1 லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் உள்ளன. உப்பிட்ட நீர்மோரும் சிட்டிகை உப்பிட்ட பானகமும் இக்கொள்கையை ஒட்டியவை. ஆயினும் பானகத்தில் இனிப்பு பல மடங்கு அதிகம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குப் பானகத்தைவிட அக்கரைசலே ஏற்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நீர்மோர் பொருந்தும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிலும் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலை

கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில் இன்று குளிர்பதனப் பெட்டியும் மிக்சியும் இல்லாத வீடு அரிது. புதினா, எலுமிச்சை, தர்ப்பூசணி, இஞ்சி, சோடா ஆகியவற்றைக் கலந்து மாக்டெயில் என்ற பெயரில் விருந்துகளுக்குப் பரிமாறுகின்றனர். எலுமிச்சை, இஞ்சி, இனிப்பு, உப்பு என்ற அடிப்படை அதிலும் மாறவில்லை. தமிழ்நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்த வயது 21 என்பதால், கல்லூரி மாணவர் கூடும் விருந்துகளில் மதுவற்ற கலவைகளே பொருந்துகின்றன. நீராகாரம் கம்மங்கூழோடு சேர்ந்து தள்ளுவண்டிகளில் விலைக்கு வருகிறது. ஒரு காலத்தில் வறுமையின் அடையாளமாக ஒதுக்கப்பட்ட பானம் உடல்நலப் பானமாக மதிப்புப் பெற்றுள்ளது.

கோடை தொடங்கியதும் அரசியல் கட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் கோயில்களும் திருச்சியில் நீர்மோர்ப் பந்தல்களைத் திறக்கின்றன. திறப்பு நாளில் மட்டும் மோர் இருந்து மறுநாள் வெறும் பந்தல் நிற்பதும் உண்டு. சோழர் காலத்தில் பந்தலுக்கு நிலம் விட்டவர்கள், இறைப்பவருக்கும் ஊற்றுபவருக்கும் நாள்தோறும் கூலி கிடைக்க வழி செய்திருந்தனர். இன்றும் நாள்தோறும் பானையை நிரப்ப ஆள் வைத்த பந்தல்களே கத்திரி முடியும்வரை நீடிக்கின்றன.